பெயர் வெட்டிய பாத்திரங்கள்

மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெருங்குடியில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போவது என்று முடிவானதும், வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத அண்ணனும் அக்காவும் ஓடி வந்தார்கள். அம்மா அந்தக் காலத்தில் எந்தப் பாத்திரம் வாங்கினாலும் எங்கள் மூவரில் ஒருவர் பெயரைக் கடையிலேயே வெட்டி வாங்கி வருவாள். இருவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டம்ளர் டம்ளராகத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். பரீட்சைக்குக்கூட இவ்வளவு அக்கறையாகப் படித்தவர்கள் இல்லை.

"இந்தக் கரண்டில என் பேர்தான் இருக்கு" என்றாள் அக்கா. அண்ணன் நசுங்கிப்போன தூக்கைக்கூட விடவில்லை.

"பேர் இல்லாததெல்லாம் நீயே வெச்சுக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் மேல் யார் பெயரும் வெட்டியிருக்கவில்லை. அவள் என் பங்குக்கு வந்தாள்.