டேப்பக்காவின் மணல் பை

பொத்தான் என்று பின்னால் பேர் வாங்கிய பெண், தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், பதினோரு சட்டைகளின் கைப்பட்டியில் பொத்தானை இடம் மாற்றித் தைத்துவிட்டாள். வெளியே தெரிய வேண்டியது உள்ளே போயிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்து பார்த்தால், பதினோரு சட்டையும் சரிசெய்து மடித்து அடுக்கியிருந்தது. செய்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜன்னலோர மெஷினில் இருந்த அக்காவின் மடியில் மட்டும் கறுப்பு நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றும் அறியாதவளைப் போல அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

அந்த அக்காவுக்கு டேப்பக்கா என்று பேர். கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. பொத்தான் தைக்க வந்தவளைப் பொத்தான் என்றே ஆக்கியதும் அவள்தான். அன்றிலிருந்து பொத்தான் தினமும் காலையில் சொல்லும் ஜெபத்தில் தன் வீட்டாரை அடுத்து டேப்பக்காவும் சேர்ந்துகொண்டாள்.

தையல் கூடம் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. பத்தொன்பது வருஷம் அதில் ஏறி இறங்கிய டேப்பக்காவுக்கு வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அந்த மெஷின்களில் ஒரு வசதி உண்டு. மேசைக்கு அடியில் இருக்கும் தகட்டை வலது முழங்காலால் பக்கவாட்டில் தள்ளினால், துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம் மேலே எழும்பும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது தள்ள வேண்டும். முதலில் படியில் மட்டும் வலித்தது, பிறகு தகட்டைத் தள்ளும்போதும் வலித்தது. கடைசியில் சும்மா உட்கார்ந்து எழுந்தாலே முட்டிக்குள் யாரோ கடலை உடைப்பது போல் சத்தம் கேட்டது.

கட்டிங் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வருவதைப் பார்த்து, “அக்கா மேல வர்றதுக்குள்ள நான் ஒரு பேண்ட்டே வெட்டித் தச்சிடுவேன்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டேப்பக்காவும் சிரிப்பாள். பொத்தானுக்குத்தான் சிரிப்பு வராது.

ஒரு நாள் முதலாளியம்மா டேப்பக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். எட்டு வாரத்தில் பெரிய சீருடை வேலை வருகிறது, ஜன்னலோர மெஷினை நாள் முழுக்க ஓட்டக்கூடிய ஆள் வேண்டும். முடியாவிட்டால் கீழே பொட்டலம் கட்டும் மேசையில் உட்கார்ந்துகொள்ளலாம், சம்பளத்தில் குறை வைக்கமாட்டேன் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். டேப்பக்காவுக்கு அது நாக்கை அறுத்துவிட்டு, சாப்பாடு போடுகிறேன் என்றது போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டுத் தேய்மானம், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்து பார்க்கலாம் என்று பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். துணைக்குப் போனது பொத்தான்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்டை டேப்பக்கா டாக்டரம்மா என்றாள். நான் டாக்டர் இல்லம்மா என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் பலனில்லை. முதலில் சூட்டு ஒத்தடம். பிறகு முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கச் சொன்னாள். காலை நீட்டித் தூக்கச் சொன்னாள். இரண்டு தொடைகளையும் அளந்து, வலது தொடை சதை வற்றியிருக்கிறது, மூட்டைத் தாங்கும் சதை அதுதான், அதை வளர்த்தால் மூட்டின் பாரம் குறையும் என்றாள். டேப்பக்கா அவளுடைய டேப்பை நம்பவில்லை.

“உங்க டேப்பு இழுபட்டுப் போயிருக்கு டாக்டரம்மா” என்று தன் கழுத்திலிருந்ததை எடுத்து அளந்தாள். வலது பக்கம் ஒன்றே கால் இஞ்சு குறைவு. அவள் முகம் வாடிப்போனது. அத்தனை வருஷத்தில் ஒரு பேண்ட்டின் இரண்டு கால்களில் அரைக்கால் இஞ்சு வித்தியாசம் வரவிட்டவள் இல்லை அவள்.

வேலை செய்யும் விதத்தையும் விசாரித்துவிட்டு, ஸ்டூலை இரண்டு இஞ்சு உயர்த்தச் சொன்னாள் அந்தப் பெண். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அப்புறம் கணுக்காலில் ஒரு எடைப் பையைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்க வைத்தாள். இதே மாதிரி அரைக் கிலோவில் ஒன்று வாங்கி வீட்டிலும் செய்யுங்கள் என்றாள்.

தையல்காரி போய்ப் பையை வாங்குவாளா? அந்தப் பெண் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது, காலில் கட்டியிருந்த பையை டேப்பக்கா நீளம், அகலம், தடிமன் எல்லாம் அளந்துகொண்டாள். மறுநாளே அதே மாதிரி ஒன்று தயார். இரட்டைத் தையல், உள்ளே தெருமுனையில் கொட்டியிருந்த கட்டட மணல். ஸ்டூலுக்கு அடியில் பலகை அடித்துக் கொடுத்தது கட்டிங் மாஸ்டர். அதற்கும் ஒரு கிண்டல் சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் பொத்தான் கீழே குந்தி, அந்தப் பையை அக்காவின் காலில் கட்டுவாள். ஆஸ்பத்திரியில் பதினைந்து தடவை தூக்கும் கால், இங்கே ஆறு தடவையிலேயே நடுங்கியது. அங்கே ஒத்தடம் கொடுத்தபின் கால் இளகியிருப்பதால் சுலபமாக இருக்கிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஐந்து வாரம் ஓடியது. ஆறு, எட்டு, மிஞ்சிப் போனால் ஒன்பது. பத்தைத் தொட முடியவில்லை. ஒரு நாள் டேப்பக்கா தானே பையை அவிழ்த்து வைத்தாள்.

“விடுடி பொத்தான். கால் செத்துப் போச்சு. கீழயே உக்காந்து பொட்டலம் கட்டிட்டுப் போறேன்.”

அன்றைக்கு அவள் தைத்த காலரில் முதல்தடவையாக ஒரு மடிப்பு விழுந்தது. பொத்தான் அதை யாருக்கும் தெரியாமல் பிரித்துச் சரிசெய்து வைத்தாள். மறுநாள் காலை கடவுளிடம் நீளமாக ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு அந்த ஜன்னல் போதும் என்று மட்டும் சொன்னாள்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இதுதான் கடைசி என்று டேப்பக்கா முடிவு செய்திருந்தாள். பிசியோதெரபிஸ்டுக்குக் கை ஒழியவில்லை. அந்த எடைப் பையை எடுங்கள் என்று பொத்தானிடம் சொன்னாள். பொத்தான் அதுவரை அதைத் தொட்டதில்லை. தினமும் மணல் பையைத் தூக்கிப் பழகிய கையாயிற்றே, அதே வேகத்தில் இழுத்தாள். பை பறந்து வந்து அவள் நெற்றியில் மோதியது.

“அக்கா, இது என்ன பஞ்சு மாதிரி இருக்கு?”

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தான் தைத்ததைக் காட்டலாம் என்று டேப்பக்கா கூடையில் கொண்டுவந்திருந்த மணல் பையையும் பொத்தான் எடுத்து வைத்தாள். இரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம். ஆஸ்பத்திரிப் பைக்குள் இருந்தது சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். தராசில் வைத்தார்கள். அது அரைக் கிலோ. மணல் பை ஒரு கிலோ முந்நூற்றைம்பது.

பிசியோதெரபிஸ்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. முட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள், வீக்கம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“இது உங்க நல்ல நேரம்மா. மூட்டு கெட்டுப் போயிருக்கும். அரைக் கிலோன்னு சொன்னேனே, எடை போட்டுப் பாக்க வேண்டாமா?”

“நான் தையல்காரி, டாக்டரம்மா. ஒண்ணைக் காட்டி இதே மாதிரின்னா, டேப்பைத்தான் எடுப்பேன்.”

பொத்தானுக்கு மனசு துள்ளியது. அப்படியானால் அக்காவின் கால் தோற்கவில்லை. இரண்டு மடங்குக்கு மேலே தூக்கிக்கொண்டு, தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் சும்மா நிற்காமல், அக்காவின் கழுத்திலிருந்து டேப்பை உருவிக் கையில் கொடுத்தாள். டேப்பக்கா இரண்டு தொடைகளையும் அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

“கால் இஞ்சுதான்டி குறையுது” என்றாள். அப்புறம் டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீதி இரண்டு வாரம் எடை போட்ட பையோடு, சொன்னபடி செய்தாள். சீருடைத் துணி வந்து இறங்கிய திங்கட்கிழமை காலை, முதலாளியம்மா படிக்கு மேலே நின்றிருந்தாள். டேப்பக்கா நல்ல காலை முதல் படியில் வைத்தாள். கைப்பிடியைத் தொட்டாள், ஆனால் தொங்கவில்லை. பின்னால் வந்த பொத்தான் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டும் முடிந்தது. மேலே போய் மூச்சு வாங்கக்கூட நிற்காமல், ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்காலால் தகட்டைத் தள்ளினாள். பாதம் டக்கென்று எழும்பியது.

அவள் கட்டிங் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேண்ட்டு முடிஞ்சிடுச்சா?”

கூடமே கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். முதலாளியம்மா முதல் கட்டுத் துணியை எடுத்து அவள் மெஷினில் வைத்தாள்.

முட்டியில் சத்தம் போகவில்லை. மழை நாளில் வலியும் வரும். வந்தால் ஒத்தடம், துண்டு, பை. அப்படியே இன்னும் ஒன்பது வருஷம் அந்த மெஷினில் தைத்தாள். பிறகு வெளியூரில் இருந்த மகள், தனக்குக் குழந்தை பிறந்ததும் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடப் போனது பொத்தான். அவளுக்கும் அப்போது இடது முழங்கால் லேசாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவள் நடையை டேப்பக்கா கவனித்திருக்கிறாள். நல்ல காலை முதலில் வைத்து ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கையில் புதிதாகத் தைத்த பை ஒன்று, இரட்டைத் தையலோடு.

“நீயும் ஆரம்பி, கால் சொன்ன பேச்சைக் கேக்கும். ஆனா என்னை நம்பாதடி. கட்டறதுக்கு முன்னாடி எடை போட்டுப் பாத்துக்கோ.”