பாவாடையில் ஒட்டிய படம்

மகளின் பள்ளி சார்ட்டுக்கு மைதா பசை காய்ச்சினால், இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் மண்ணூர்பேட்டைப் பள்ளிக்கூடம்தான் மணக்கிறது. 'நமக்கு உதவுபவர்கள்' பலகையில் டாக்டர், போலீஸ், தபால்காரர் என்று டீச்சர் ஒவ்வொரு படமாக ஒட்டி, "இந்த வேலை யார் வீட்டுல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்; அந்தக் கேள்வியை யார்தான் கண்டுபிடித்தார்களோ! அடுத்ததாகப் பசை தடவி என் பெஞ்சு ஓரத்தில் வைத்திருந்த துப்புரவுப் பணியாளர் படத்தை, டீச்சர் திரும்பிய நொடியில் இழுத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை.

படம் பாவாடையில் ஒட்டிக்கொண்டே வீடுவரை வந்திருந்ததை, தெரு பெருக்கும் வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த அம்மா பார்த்துவிட்டாள். கிழியாமல் உரித்தெடுத்து, முகமெல்லாம் சிரிப்பாக, "எனக்காடி எடுத்துகினு வந்தே?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.