ராஜாவின் இரண்டாம் கல்யாணம்

அவருக்கு நாடும் இல்லை, அரண்மனையும் இல்லை. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் வேலை. சொத்தைப் பல்லைச் செதுக்கிவிட்டு அதன் தலையில் மாட்டுகிற உறைக்கு அந்தத் தொழிலில் கிரவுன் என்று பெயர். "நாள் பூரா கிரீடம் செய்யறவன் ராஜா இல்லாம பின்ன மந்திரியா?" என்று பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து அவர் ராஜா. கூடத்தில் பிறந்த பெயர் மெல்லத் தெருவுக்கும் நடந்து வந்துவிட்டது. வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர்கூட, "என்ன ராஜா, இருக்கீரா?" என்றுதான் கதவைத் தட்டுவார்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அதில் ராஜா, அவர் மனைவி, ஒரே மகள். மனைவி வாய்த்துடுக்கு. ராஜாவும் அப்போது சளைத்தவர் இல்லை. "வாடி", "போடி", "லூசு" என்று இவர் கத்துவதும், அதற்கு மேல் அவர் கத்துவதும், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதும் கீழ்வீடுவரை கேட்கும். ஒரு காலையில் அந்த அம்மாள் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனார். தலையை வலிக்கிறது என்று பாதியில் இறங்கி வந்து படுத்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு.

குழந்தை அழவில்லை. எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது, ராஜாவைத் தவிர. அவருக்குப் பயமாக இருந்தது. தலை பின்னத் தெரியாததால் மகளின் முடியைத் தானே கத்தரித்துவிட்டார். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் என்ன வைத்தாலும் தின்றாள். "இன்னும் கொஞ்சம் வேணுமாடா?" என்றால் "போதும்ப்பா" என்பாள். கோபம், பிடிவாதம், அடம் எல்லாம் எங்கேயோ வடிந்துபோய், ஒரு வாடகைக்காரியைப் போல வீட்டில் நடமாடினாள்.

ஒருநாள் கூடத்தில் வேலை இழுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனார். வாசலில் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் சங்கடத்தோடு சிரித்து, விரல் விரலாகப் பிரித்து எடுத்துத்தான் அவளை ஒப்படைக்க முடிந்தது.

அதை ராஜா தன் அக்காவிடம் சொன்னார். அக்கா காத்திருந்ததுபோல ஆரம்பித்துவிட்டார்.

"உனக்காக இல்லடா. நீ எப்படியோ போ. அந்தப் புள்ளைக்காக ஒரு கல்யாணம் பண்ணிக்க."

"என்னால முடியாதுக்கா."

"உன்னால முடியுதா முடியலையான்னு யாரு கேட்டா? அவளால முடியலடா."

"சரி, பாருக்கா" என்றார் ராஜா.

அக்கா பார்த்த பெண் ஒரு ரெடிமேட் கடையில், வாங்குகிறவர்கள் அளவுக்குத் துணிகளைப் பிடித்தும் பிரித்தும் தைத்துக்கொடுப்பவர். கடையில் டெய்லரம்மா என்பார்கள். நாற்பதை நெருங்கும் வயது. அண்ணன் வீட்டில், அண்ணி முகம் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ராஜா சுற்றி வளைக்கவில்லை.

"ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேங்க. இது என் பொண்ணுக்காகப் பண்ற கல்யாணம். அவளுக்கு ஒரு அம்மா வேணும். எனக்குப் பொண்டாட்டி வேணாம். அப்புறம் நீங்க ஏமாந்துடக் கூடாது."

டெய்லரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "பேன்ட்டுக்கு அளவு குடுக்கறவங்ககூட இவ்ளோ கறாராப் பேச மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "பொண்ணு என்ன விரும்பிச் சாப்பிடுவா?" என்று கேட்டார்.

ராஜா யோசித்தார். தெரியவில்லை.

மனிதர்கள் சொல்வது ஒன்று, ஒரே வீட்டில் கிடந்து பழகினால் நடப்பது வேறொன்று என்று டெய்லரம்மா நம்பினார். நம்பாமல் வேறு என்ன செய்வார்? பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா சாட்சி.

சித்தி வந்துவிட்டாள் என்றதும் தெருவே உஷாரானது. கீழ்வீட்டு அம்மாள் குழந்தையைப் படிக்கட்டில் மடக்குவார்.

"சித்தி உன்ன அடிக்குதா?"

"இல்ல."

"சாப்பாடு போடுதா?"

"போடறாங்க."

"யாரும் பாக்காதப்ப கிள்ளுதா?"

"இல்ல பாட்டி."

கீழ்வீட்டு அம்மாளுக்கு முகம் வாடிப்போகும். அக்காவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, குழந்தையின் கை காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார். எல்லோர் கண்ணும் கண்கொத்திப் பாம்பாகச் சித்தியின் மேலேயே இருந்தது. ராஜா என்ன செய்கிறார் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

குழந்தை ராத்திரியில் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு வந்த பழக்கம். அப்பாவுக்குத் தெரியாமல் விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் திணித்துவிடுவாள். டெய்லரம்மா அதைக் கண்டுபிடித்தார். துவைத்துக் காயப்போட்டு, மெத்தைக்கு ஒரு ரெக்சின் உறை தைத்துப் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்தார். ஒரு காலையில் குழந்தையே வந்து முன்னால் நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எத? ராத்திரி மழ பேஞ்சதையா?"

குழந்தை கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஜன்னல் தொறந்திருந்துச்சு. சாரல் அடிச்சு நனஞ்சுடுச்சு. இதுல போய்ச் சொல்ல என்ன இருக்கு?"

அதன் பிறகு அது இருவருக்குமான வானிலை அறிக்கையாகிவிட்டது. "நேத்து நல்ல மழ சித்தி." "இன்னைக்கு வெறும் தூறல்." ஒருநாள் ஓடி வந்து, "வெயில்! வெயில்!" என்று குதித்தாள். அன்று டெய்லரம்மா கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். மகள் எதற்காகக் குதிக்கிறாள் என்று ராஜா கேட்டார். இரண்டு பேரும் சொல்லவில்லை.

முடி வளர்ந்தது. அடம் திரும்பி வந்தது. "எனக்கு இது பிடிக்கல" என்று தட்டைத் தள்ளினாள். கல்யாணம் எதற்காகச் செய்தாரோ அது நடந்துகொண்டிருந்தது.

ஒரு மதியம் ராஜா உள்ளறையில் உடைந்த நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, எனக்கு ஓரத்து ரொட்டி வேணாம்!"

வாய் தவறித்தான் வந்திருக்க வேண்டும். வந்த வார்த்தை மூன்று பேர் காதிலும் விழுந்துவிட்டது. ராஜா சுத்தியலோடு எழுந்து வந்தார். டெய்லரம்மாவின் முகத்தில் அதுவரை அந்த வீட்டில் யாரும் பார்க்காத ஒரு மலர்ச்சி. அதைப் பார்த்ததும் அவருக்கு என்ன ஆயிற்றோ.

"அம்மான்னு கூப்பிடாத" என்றார். "உங்கம்மா செத்துப்போயிட்டா. இவங்க சித்தி."

குழந்தையின் கையில் ரொட்டி இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள். வாடகைக்காரி முகம் ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது.

குழந்தை அந்தப் பக்கம் போன பிறகு டெய்லரம்மா தாழ்ந்த குரலில் கேட்டார். "இதுக்குத்தானே என்னக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"அப்புறம்?"

ராஜா சுத்தியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறந்தவளை அந்த வீட்டில் தானும் மகளும் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிப் பிடித்திருப்பதாக அவர் எண்ணியிருந்தார். மகள் கையை எடுத்துவிட்டாள். இனி முழுப் பாரமும் தன் மேல்தான். தானும் விட்டால் அவள் விழுந்துவிடுவாள். இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆணி அடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் சண்டை என்று ஒன்றுகூடக் கிடையாது. ராஜா சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பார், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். "தங்கமான மனுஷன்" என்றது தெரு. ஆனால் டெய்லரம்மாவை அவர் ஒருநாளும் 'நீ' என்றது இல்லை. "சாப்பிட்டீங்களா?" "கடைக்குப் போறீங்களா?" "கதவத் தாழ் போட்டுக்குங்க." மரியாதையாகத்தான் பேசினார். கடைத் தெருவில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. மாடிப்படி ஏறும்போது உள்ளே சித்தியும் மகளும் சிரிக்கும் சத்தம் கேட்கும். பூட்டில் சாவி திரும்பியதும் சிரிப்பு நின்றுவிடும். அவர் உள்ளே நுழையும்போது ஒருத்தி பாடப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னொருவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். தனியாக இருக்கும்போது மகள் 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மகள் பெரிய வகுப்புக்குப் போன சமயம், டெய்லரம்மா ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். முன்பல் பாதி உடைந்துபோயிற்று. பல் டாக்டர் எடுத்த அச்சு ராஜாவின் கூடத்துக்குத்தான் வந்தது. அதை அவர் வேறு யாரையும் தொட விடவில்லை. நிறம் பார்க்க மாதிரிப் பற்களை வீட்டுக்கே எடுத்து வந்து, "ஜன்னல் பக்கம் வாங்க. கொஞ்சம் சிரிங்க" என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அந்த முகத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கூடத்தில் ராஜா தான் செய்த பல் திருப்தி இல்லை என்று உடைத்துப்போட்டார். மறுபடி செய்தார். அதையும் உடைத்தார். பக்கத்து மேசைக்காரர், "என்ன ராஜா, பட்டத்து ராணிக்கா?" என்று கிண்டல் செய்தபோது ராஜாவுக்குக் காது சிவந்தது.

பல்லைப் பொருத்திக்கொண்டு வந்த அன்று டெய்லரம்மா அவர் எதிரே நின்று சிரித்தார்.

"எப்படி இருக்கு?"

"நிறம் ஒத்துப்போச்சு."

"அவ்ளோதானா?"

ராஜா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணோட பள்ளிக்கூடத்துக்குப் போக வர இருக்கீங்க. உடைஞ்ச பல்லோட போனா அவளுக்குக் கூச்சமா இருக்கும். அதான் சீக்கிரம் முடிச்சேன்."

டெய்லரம்மா வாயை மூடிக்கொண்டார். உடைத்துப்போட்ட பற்களைப் பற்றி ராஜா சொல்லியிருக்கலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்து மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். விடுதியில் கொண்டுபோய் விட்டு வந்த பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். தட்டு வைக்கும் சத்தம், குழாய்ச் சத்தம். வேறு பேச்சுமூச்சு இல்லை. சில வாரம் போனது. ராஜா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, டெய்லரம்மா ஒரு பையோடு கதவருகே நின்றார்.

"நீங்க சொன்ன வேலை முடிஞ்சுதுங்க. நான் கிளம்பறேன்."

"எங்க போறீங்க?"

"அவ படிக்கிற ஊர்ல ஒரு கடைல வேலை கெடச்சிருக்கு."

ராஜா சுவரைப் பிடித்துக்கொண்டார். டெய்லரம்மா அதைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு தடவ 'போகாத'ன்னு சொல்லுங்க. இருந்துடறேன்."

இறந்தவளின் படம் ராஜாவுக்குப் பின்னால் இல்லை, உள்ளறையில்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"போகாதீங்க" என்றார்.

"அடுத்த வீட்டுக்காரங்ககூட இப்படித்தாங்க சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு டெய்லரம்மா பையை எடுத்துக்கொண்டார். படிக்கட்டில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை என்று கீழ்வீட்டு அம்மாள் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அவங்கள ஏம்ப்பா விட்டீங்க?"

"நான் போகச் சொல்லலம்மா. எல்லாம் உனக்காகத்தான்... உனக்காகத்தான் நான் கல்யாணமே..."

"நான் கேட்டேனா?" குரல் உயரவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. "எனக்காக, எனக்காகன்னே சொல்லி, ஒரு மனுஷியோட வாழ்க்கையவே என் தலைல கட்டிட்டீங்க. நான் சந்தோஷமா சிரிச்சப்பல்லாம் அவங்க கண்ணு உங்க கதவத்தான் பாத்துட்டிருக்கும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அந்த விடுமுறையின் மீதி நாட்களை அவள் சித்தியோடு கழித்தாள். விடுதியைக் காலி செய்துவிட்டு அங்கேயே குடியேறினாள். வேலை கிடைத்த பிறகும் அங்கேதான்.

ராஜா ஒருமுறை போனார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, விசாரித்து, ஒரு சந்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். டெய்லரம்மா, "வாங்க, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மகள் வேலையில் இருந்து வந்ததும், "அம்மா, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாள். ராஜாவைப் பார்த்தும் வார்த்தையை விழுங்கவில்லை. "வந்தீங்களாப்பா" என்று அவரிடமும் அன்பாகத்தான் பேசினாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அந்த இருவரும் சிரித்துப் பேசினார்கள். யாரும் அவரைக் குத்திக்காட்டவில்லை. நல்ல விருந்தாளியைப் போல நடத்தி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே எழுந்திருக்கும்வரை உட்கார வைத்திருந்தார்கள். டெய்லரம்மாவிடம் சொல்ல அவர் ஏதோ ஒன்றை வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டு போயிருந்தார். "உடம்பப் பாத்துக்குங்க" என்றுதான் வந்தது.

திரும்பப் போகவில்லை. அக்கா திட்டித் தீர்த்தார், பிறகு அக்காவும் காலமானார். கூடத்தில் ராஜா இன்னமும் வேலை செய்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் அவர் நிஜப்பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள், மாத்திரையைப் பற்றிக் கேட்பாள். இங்கே மழை என்பார் இவர். அங்கே இல்லை என்பாள் அவள். போன வாரம், "நாங்க வீடு மாத்திட்டோம்ப்பா. இது கொஞ்சம் பெருசு" என்றாள். "நல்லது" என்றார் ராஜா. புது வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. அவளும் சிறிது நேரம் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, "சரிப்பா, வெச்சுடறேன்" என்றாள்.