அந்தியேட்டிக்குக் காத்திருந்த குரல்

நன்றாக வாழ்வதற்குக் கலை அவசியமா? பல்கலைக்கழக மெய்யியல் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு, அவசியம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். இன்று கேட்டால் எனக்கு விடை தெரியாது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்றரை வயதானபோது என் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைரொயிட் (கழுத்தின் முன்புறச் சுரப்பி) என்றார்கள். புற்றுநோய் இல்லை. ஆனாலும் பாதியை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து பேசியபோது வெறும் காற்றுத்தான் வந்தது.

"குரலுக்குப் போற நரம்பு சோர்ந்துபோச்சு. நாளாந்தம் பயிற்சி செய்யுங்கோ. முதல் மாதங்களை விட்டிடாதேங்கோ" என்றார் டொக்டர். வாயை மூடி முனக வேண்டும். பிறகு சுரங்களில் மெல்ல ஏறி இறங்க வேண்டும். நான் சங்கீதம் படித்தவள் என்றதும் சிரித்தார். "அப்ப என்ன, பாடுங்கோ!"

"ஏச்சுப் பேச்சில்லாமல் வீடு நல்லாத்தான் கிடக்கு" என்று கணவர் பகிடி விட்டார். அவர் இரத்மலானைக்கு வேலைக்குப் போனால் பொழுதுபடும்வரை நானும் குழந்தையும்தான்.

பயிற்சி தொடங்கிய இரண்டாம் கிழமை, கீழ்வீட்டில் அழுகுரல் கேட்டது. அங்கே இருக்கும் கமலா அக்காவின் மகன், போர் நடந்த வன்னியில் இருந்தான். ஷெல் (எறிகணை) விழுந்த இடத்தில் அவனும் நின்றதாக யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். கட்டிடம் முழுவதும் வானொலிகள் அடங்கின. அந்தியேட்டி (முப்பத்தோராம் நாள் கிரியை) முடியும்வரை அயலில் பாட்டுக் கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். பயிற்சியை நிறுத்தினேன். ஒரு மாதம்தானே.

முப்பத்தோராம் நாளும் போயிற்று. ஐயர் வரவில்லை. உடல் வராத வீட்டில் கிரியை எப்போது என்று யாரிடம் கேட்பது? மூன்று மாதம் காத்திருந்தேன். மகளைத் தாலாட்டில்லாமல் முதுகில் தட்டியே உறங்கவைத்தேன். பேசத் தொடங்கியபோது அவளும் குசுகுசுத்தாள். அம்மா பேசுவதே பேச்சு என்று நினைத்திருப்பாள்.

ஒரு நாள் படிக்கட்டில் கமலா அக்கா மறித்தார்.

"உமக்குப் பாடச் சொல்லி டொக்டர் சொன்னவராம். ஏன் பிள்ளை ஒரு சத்தத்தையும் காணேல்லை?"

"உங்கட வீட்டில இப்பிடி இருக்கேக்க, எப்பிடி அக்கா?"

என் குரலைக் கேட்க அவர் குனிய வேண்டியிருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"ஆர் உமக்குச் சொன்னது அவன் செத்துப்போனான் எண்டு? நானே செத்தவீடு நடத்தேல்லை. நீர் மேல இருந்து நடத்தியிருக்கிறீர்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஒரு பக்கக் குரல்நாண் (குரல் எழுப்பும் தசைமடிப்பு) இன்னும் அசையவில்லை என்கிறார் டொக்டர். பிந்தினாலும் முயன்று பார்க்கலாமாம். இப்போது ஒரு நாள் என்பது, ஒரே மூச்சில் எத்தனை நொடி ஒலி நிற்கிறது என்பதுதான்.

இதே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களே, பயிற்சியைப் பிந்தித் தொடங்கியும் குரல் வந்ததா? எழுதுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். செத்தவீட்டிலும் பாடுகிற தேவாரத்தைப் பாடினால், கமலா அக்கா மறுபடியும் செத்தவீடு என்பார். தாலாட்டுப் பாடினால் அவருக்கு மகன் நினைவு வரும். கீழே அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருக்க, நான் எதைப் பாடுவது?