கடை மூடியிருக்கும் மூன்று மணி நேரம்: பாண்டியில் ஷோகேஸ் பார்த்த கதை

இது பெரிய பயணம் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி, பாண்டிக்குப் போய், அன்று சாயங்காலமே திரும்பியதுதான். ஆனாலும் சின்னதாகத் துணிக்கடையோ ஃபேன்சி கடையோ வைத்திருப்பவர்கள் பாண்டிக்குப் போனால் எதை, எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று எழுதினால் உதவும் என்று என் மகள் சொன்னாள். நான் ஆறாவது வரைதான் படித்தவள். நோட்டில் எழுதிக் கொடுத்ததை அவள்தான் டைப் அடித்துப் போடுகிறாள். தப்பு இருந்தால் அது என்னுடையது.

போனது 2008 புரட்டாசியில், ஒரு வியாழக்கிழமை. ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு ரெடிமேட் கடை இருக்கிறது. பிள்ளைகள் துணி, நைட்டி, கொஞ்சம் புடவை. வாசலில் ஆறடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதை ஜோடிப்பது என் வீட்டுக்காரர் வேலை. போன வருஷம் தீபாவளி முடிந்து, கார்த்திகை பிறந்த கையோடு அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு அவர் ஜோடித்தது அப்படியே நின்றது. பச்சைப் புடவை கட்டிய ஒரு பொம்மை, அதைச் சுற்றிப் பிள்ளைகள் துணி. பத்து மாதமாக நான் அந்தக் கண்ணாடியைத் திறக்கவில்லை. காலை வெயில் நேராக அடிக்கும் இடம். புடவை வெளுத்து வாழைக்குருத்து நிறத்துக்கு வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் கடை நடக்கிறதா, எடுத்தாகிவிட்டதா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

என் நாத்தனார் செல்வி, அவருடைய தங்கை, பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். செல்போன் கடை வைக்க ஒருவர் எங்கள் இடத்தை வாடகைக்குக் கேட்கிறார் என்று அவள்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

“அண்ணன் போட்டத எடுக்கவும் மாட்டேங்கறீங்க, வேற போடவும் மாட்டேங்கறீங்க. அப்ப என்னதான் அண்ணி பண்றதா இருக்கீங்க?” என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. இன்னொன்றும் இருந்தது. வருஷம் திரும்பாத வீடு எங்களுடையது. எங்களுக்கு இந்தத் தீபாவளி கிடையாது. பண்டிகை இல்லாத வீட்டுப் பொம்பளை பண்டிகை ஷோகேஸ் ஜோடிக்கலாமா என்று எனக்கே குழப்பம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எதையாவது முடிவு செய்ய வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவரும் நானும் செய்ததையே செய்தேன். பாண்டிக்குக் கிளம்பினேன்.

பதினாலு வருஷ வழக்கம் அது. பாண்டியில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளை மூடிவிட்டு நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். எல்லாரும் அதைத் திட்டுவார்கள். நாங்கள் போவதே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். உள்ளே வாங்க என்று கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கண்ணாடி முன்னால் நிற்கலாம்.

11.15க்குப் பஸ். டிக்கெட் 14 ரூபாய். 37 கிலோமீட்டர். 12.30க்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து நேரு வீதி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவரோடு என்றால் நடப்போம். அன்றைக்குத் தனியாக நடக்கத் தைரியம் வரவில்லை. ஆட்டோக்காரர் ஐம்பது கேட்டு நாற்பதுக்கு வந்தார்.

“பீச்சாம்மா, கோயிலா?”

கடை பார்க்க வேண்டும் என்றேன். என்ன வாங்கணும் என்றார். ஒன்றும் வாங்கவில்லை என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

“மூடற நேரத்துல போயி, ஒன்னும் வாங்காம, என்னாத்தம்மா பாப்ப?”

“ஷோகேஸ்.”

“திரும்ப வர்றதுக்கும் நானே வரவான்னு கேக்கலாம்னு இருந்தேன். நல்லவேள, கேக்கல,” என்று சொல்லிவிட்டு வண்டியை முடுக்கினார்.

நேரு வீதியில் ஒரு மெஸ்ஸில் 25 ரூபாய்க்குச் சாப்பாடு. சாப்பிட்டு வெளியே வரும்போது ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி வைத்த கடைகளில் கதவைப் பூட்டினாலும் ஷோகேஸை மறைக்க மாட்டார்கள்.

ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பதினோரு பொம்மைகள் இருந்தன. பத்தடி தள்ளி வந்ததும் ஒரு புடவைகூட ஞாபகம் இல்லை. நம் ஊர்க் கடைகளில் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். இருப்பதையெல்லாம் கொலு மாதிரி அடுக்கிக் காட்டினால்தான் சரக்கு நிறைய இருக்கிறது என்று நம்புவார்கள் என நினைக்கிறோம். போதாததற்குத் திருஷ்டிப் பூசணியை நேராகக் கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிடுகிறோம். வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பூதத்து மூஞ்சியைத்தான். அதைக் கதவுக்கு மேலே மாற்றிக் கட்டுங்கள். திருஷ்டி அங்கிருந்தும் போகும்.

மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் எவர்சில்வர் தூக்குகளைப் பெரிதிலிருந்து சின்னது வரை சரிவாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டியிருக்கும் கயிறே தெரியவில்லை. அது மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. அந்த யோசனை எங்களுக்குக் கிடைத்ததும் பாண்டியில்தான். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் போய் நரம்பு வாங்கி வந்தார். அதில் சட்டைகளைத் தொங்கவிட்டு, ஆள் இல்லாமல் பிள்ளைகள் ஓடுவது போலச் செய்தார். தெருவே நின்று பார்த்தது. ஒரு வாரத்துக்கு ஷோகேஸில் மீன் வாடை அடித்தது. நரம்பை வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

அங்கிருந்து வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருக்கள் பக்கம் நடந்தேன். அங்கே கடைகள் வேறு மாதிரி. ஒரு கண்ணாடிக்குள் ஒரே ஒரு பொருள் இருக்கும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு செருப்புக்கடையில் கடல் மணலைக் கொட்டி அதன் மேல் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு வைத்திருந்தார்கள். மணலைக் கொட்டியே விலையை ஏத்திட்டான் பாரு என்று அவர் சிரித்தார். சிரித்தவர் சும்மா இருந்தாரா? டவுன் பஸ் பிடித்துப் பிள்ளைச்சாவடி கடற்கரைக்குப் போய் இரண்டு பை மணல் அள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் ஷோகேஸுக்குப் பின்னால் அப்போது திரைச்சீலை மட்டும்தான். மறுநாள் காலை பார்த்தால் தெருப் பூனை அந்த மணலை எதற்குப் பயன்படுத்துமோ அதற்குப் பயன்படுத்தியிருந்தது. அந்தத் தீபாவளி முழுக்க அவரை எல்லாரும் பூனை முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை போனபோது செருப்புக்கடை அங்கே இல்லை. காபி கடை ஆகியிருந்தது. அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மிஷன் வீதிக்குத் திரும்பும்போது மூன்று மணி. இனிமேல்தான் நான் எழுத நினைத்த விஷயம்.

ஒரு சின்னக் கடை. குழந்தைகளுக்குப் பூத்தையல் போட்ட ஃபிராக் விற்கிற கடை. உள்ளே ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, கவுன் போட்டவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஷோகேஸுக்குள் நின்று ஜோடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஃபிராக்கை மாட்டுவார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து பார்ப்பார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போவார். மூன்று தடவை இப்படி. நான் எதிர்ப்பக்கம் நிழலில் நின்று பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இந்த வேலையை எப்படிச் செய்வோம் என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடிக்கு உள்ளே இருப்பார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பூக்கார அம்மா பக்கத்தில் நிற்பேன். பஸ் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் கையால்தான். உள்ளங்கையை மேலே காட்டினால் தூக்கு. கீழே காட்டினால் இறக்கு. இரண்டு கையையும் சேர்த்தால் நெருக்கி வை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கிறது, விட்டுவிடு. அவ்வளவுதான் எங்கள் பாஷை. அது முடிந்ததும் அவர் ரோட்டைத் தாண்டி வந்து தானும் ஒரு தடவை பார்ப்பார். நான் சரி என்று சொன்னதில் ஏதாவது ஒன்றைத் திரும்பிப் போய் நகர்த்துவார். அதற்கு எனக்குக் கோபம் வரும்.

அந்த அம்மா நாலாவது தடவை மாட்டிய ஃபிராக் உயரமாக இருந்தது. என் கை தானாகக் கீழே காட்டியது. அவர் பார்த்துவிட்டார். முதலில் முறைத்தார். அப்புறம் ஃபிராக்கை நாலு விரல் இறக்கினார். நான் இன்னும் கொஞ்சம் என்று காட்டினேன். இறக்கினார். பக்கத்தில் இருந்த தொப்பியை நெருக்கி வைக்கச் சொல்லிக் கையைச் சேர்த்தேன். அதுவும் அவருக்குப் புரிந்தது. இருபது நிமிஷம் ஒரு வார்த்தை இல்லாமல் நடந்தது. கடைசியில் நான் முந்தானையை இழுத்துப் போட்டேன். அது மட்டும் அவருக்குப் புரியவில்லை. கையை விரித்து என்ன என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு மண்பானைத் தண்ணீர் கொடுத்தார். பெயர் ஜோஸ்பின். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் புடவை, செல்வி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம்.

“எனக்கு ஜோடிக்கத் தெரியாதும்மா. அவருதான் செய்வாரு. நான் சும்மா எதிர்ல நிப்பேன்,” என்றேன்.

“சும்மாவா? இந்த வித்ரீனுக்காக நான் காலைலேருந்து எத்தன தடவ வெளிய ஓடியாந்தேன்னு பாத்தியா?” என்றார். ஷோகேஸை அவர் அப்படித்தான் சொல்கிறார். பாண்டியில் பழைய ஆட்கள் சொல்கிற பிரெஞ்சு வார்த்தையாம். “உள்ள நிக்கறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வெளிய நிக்கற கண்ணுதான் ஜோடிக்கும். உன் வீட்டுக்காரரு தூக்கி மாட்டுனாரு, அவ்ளோதான்.”

அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் குறைத்துப் பேசியது போல இருந்தது.

“அப்டி இல்லம்மா. என்ன வைக்கணும்னு அவருக்குத்தான் தோணும்,” என்றேன்.

ஜோஸ்பின் அம்மா என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “சரி, ரெண்டு பேரும்தான். இப்ப உள்ள நிக்க ஒரு ஆளு வேணும், இல்ல வெளிய நிக்க ஒரு ஆளு வேணும். யாரையாவது கூப்புடு. அந்தப் பொடவ வெளுத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டுறாத. மொதல்ல அவுத்து விரிச்சுப் பாரு.”

நாலு மணிக்குக் கடை திறந்தது. பெரிய மார்க்கெட்டில் நூறு மீட்டர் நரம்பு 12 ரூபாய்க்கு வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். 5.20 பஸ். ஊர் சேரும்போது இருட்டிவிட்டது.

சனிக்கிழமை மதியம் செல்வியைக் கூப்பிட்டு, பூக்கார அம்மா பக்கத்தில் போய் நில் என்றேன். எதற்கு என்றாள். நின்றால் போதும் என்றேன். கண்ணாடிக் கதவைத் திறந்து நான் உள்ளே போனேன். பத்து மாதத் தூசி. பொம்மையின் புடவையை அவிழ்த்தேன். கொசுவத்தின் வெளிப்பக்கம்தான் வெளுத்திருந்தது. மடிப்புக்கு உள்ளே அவர் வாங்கி வந்த அன்று இருந்த பச்சை அப்படியே இருந்தது. விரித்தால் ஒரு கை அகலம் வெளுப்பு, ஒரு கை அகலம் பச்சை என்று நெய்தது போலப் பட்டை பட்டையாக இருந்தது. அதையே பின்பக்கத் திரையாகக் கட்டினேன்.

விளக்கு வைக்கவில்லை, பட்டாசுப் படம் ஒட்டவில்லை. பண்டிகை இல்லாத வீட்டுக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. பாவாடை சட்டை ஐந்து மட்டும் நரம்பில் தொங்கவிட்டேன்.

செல்விக்குக் கை பாஷை தெரியாது. ரோட்டைத் தாண்டிக் கத்தினாள். “சோத்துக்கைப் பக்கம் அண்ணி, உங்க சோத்துக்கை, என்னுது இல்ல.” பூக்கார அம்மாவும் சேர்ந்துகொண்டு, பதினாலு வருஷம் பார்த்தவள் நான், நீ சும்மா இருடி என்று அவளை அதட்டினார். நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்தது. பஸ் போனதும் பார்த்தால் செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. நான் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

செல்போன் கடைக்காரருக்குத் தானே பேசி வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் செல்வி சொன்னாள்.

பாண்டிக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிறு போகாதீர்கள், கூட்டத்தில் கண்ணாடி தெரியாது. ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். முதலில் நேரு வீதி, அப்புறம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடைசியில் மிஷன் வீதி. குடை அவசியம். சாப்பாடும் ஆட்டோவும் நரம்பும் சேர்த்து எனக்கு 105 ரூபாய் ஆனது, போக வர பஸ்ஸோடு. வெயில் படும் ஷோகேஸில் நல்ல சரக்கை மாதக்கணக்கில் விடாதீர்கள். ஐந்து பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள்.

அன்று செல்வி போன பிறகு நான் ரோட்டைத் தாண்டிப் போய் அவர் நிற்பது போல நின்று பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பிப் போய் ஒரு சின்னச் சட்டையை இரண்டு விரல் நகர்த்தினேன்.

இந்த வாரத்தில் மூன்று பேர் உள்ளே வந்து அந்தப் பட்டை போட்ட பச்சைப் புடவை என்ன விலை என்று கேட்டார்கள். அது மாதிரி வேறு வராது என்று சொன்னேன்.