ஆடாத சுவர்

அன்று அங்கே நின்றவர்கள்: கட்டிடத்தின் உரிமையாளரான ஜெர்மன் பெண்மணி, கையில் கடிகாரம். கட்டிடத்தை வரைந்த பிள்ளை, யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்தவள். என்னோடு பலகைச் சுவர் அடிக்கும் கூட்டாளி. நான். பிறகு அந்தச் சுவர்.

டுசல்டோர்ஃபில் நான்கு மாடிக் கட்டிடம். இன்றைக்கு அலுவலகம். பிறகு பள்ளிக்கூடம் ஆகலாம், வீடுகள் ஆகலாம், ஆருக்குத் தெரியும். அதனால் உள்சுவர்களை இடிக்காமல் கழற்றி, வேறு இடத்தில் பூட்ட வேண்டும். பசை கிடையாது. ஸ்குரூ ஆணி மட்டும், சுவருக்கு நாற்பது. அதுதான் பிள்ளையின் பிளான்.

முதல் மாடி முடிந்திருந்தது. அரை மணித்தியாலத்தில் ஒரு சுவர் இடம் மாறினால் மற்ற மூன்று மாடியும் இப்படியே என்றார் உரிமையாளர். இல்லாவிட்டால் கல்லும் சீமெந்தும். பிள்ளைக்கு அது முதல் கட்டிடம். எங்களுக்கு அது மூன்று மாடி வேலை.

அவர் விரல் நீட்டிய சுவர் நான் அடித்தது. வாளியை இழுத்து அடியில் வைத்தேன்.

பத்து நிமிடம் கழற்றினோம். வாளியில் ஆணி ஏறியது. சுவர் அசையவில்லை.

"அண்ணை, இதுக்கு எத்தினை ஆணி போட்டனீங்கள்?" பிள்ளை கேட்டாள்.

"கொஞ்சம் கூட."

"கொஞ்சம் எண்டால்?"

"ஆடக்கூடாது பிள்ளை."

"கழட்டத்தானே அண்ணை இதை வரைஞ்சனான்!"

கூட்டாளி சிரித்தான். "கட்டிடம் விழுந்தாலும் இவரின்ரை சுவர் நிக்கும்."

என்ன செய்ய. ஞாயிறுகளில் எங்கடை சனத்தின் வீடுகளில் சாமியறை அடித்துக் கொடுக்கிறவன் நான். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் வந்து சுவரில் குத்துவார். "பித்தளைப் பிள்ளையார் வைக்கத் தாங்குமோ அண்ணை?" தாங்க வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது.

அரை மணி போனது. சுவர் பாதியில் நின்றது. உரிமையாளர் கடிகாரத்தைக் காட்டினார். பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது.

பக்கத்துச் சுவரைப் பார்க்கச் சொன்னேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது கூட்டாளி தனியே அடித்தது.

"அதுக்கு எத்தினை?" என்று அவனிடம் கேட்டாள்.

"நாப்பது. நான் சோம்பேறி, தங்கச்சி."

உரிமையாளர் சரி என்று மறுபடி நேரம் பார்த்தார். இருபத்தொரு நிமிடத்தில் அந்தச் சுவர் ஜன்னல் பக்கம் போய் நின்றது. அவர் கிட்டப் போய் அதில் ஒரு குத்துக் குத்தினார். ஆடவில்லை.

"மனுசி எங்கடை ஆள்தான்," என்றான் கூட்டாளி.

மூன்று மாடியும் கிடைத்தது. ஒரு நிபந்தனை. நான் கூடப் போட்ட ஆணிகளை நானே கழற்ற வேண்டும். பின்னால் வருகிறவர்கள் எடுத்துப் பாவிக்க, கட்டிடத்தில் உள்ள ஒவ்வொரு சாமானும் பதிவில் இருக்குமாம்.

"எண்ணித் தாங்கோ அண்ணை."

"ரெண்டு வாளி எண்டு எழுதினால் காணாதோ?"

"காணாது."

மூன்று நாள் கழற்றினேன். எண்ணினேன்.

ஆயிரத்து எழுபத்து மூன்று.