வாசல்காரரின் முகம்

பெரிய ஓட்டலின் கண்ணாடிக் கதவைப் பத்தொன்பது வருஷமாகத் திறந்து மூடுகிறவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் சல்யூட். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று கேலி செய்வார்கள். காலை எட்டு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை ஆறுக்குத்தான் உட்கார முடியும். வாசலில் நிற்பவர் தினமும் மழமழவென்று சவரம் செய்திருக்க வேண்டும் என்பது ஓட்டல் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவருக்குத் தாடை என்று ஒன்று இருந்ததா என்பது சல்யூட்டின் நெடுநாள் சந்தேகம்.

வாலிப வயதில் எட்டிப் பார்க்காத பரு, ஐம்பதை நெருங்கும்போது படையெடுத்து வந்தது. கன்னமும் கழுத்தும் சிவந்து, பிளேடு பட்ட இடமெல்லாம் எரிந்தது. மருந்துக்கடைக் களிம்பு பருவை விட்டுவிட்டுத் தலையணை உறையை வெளுக்க வைத்தது.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். சமையலறை ஜன்னலோரம் பழைய பெயிண்ட் டப்பாவில் சோற்றுக் கற்றாழை வளர்த்தாள். ஒரு மடலை நறுக்கி டம்ளரில் அரை மணி நேரம் நிமிர்த்தி வைப்பாள். மஞ்சள் பால் வடிந்த பிறகு கழுவி, தோல் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை அவர் கன்னத்தில் தடவுவாள். பரு ஒன்றும் ஓடிப்போய்விடாது, ஆனால் எரிச்சல் அடங்கும்.

"அந்த மஞ்சத் தண்ணி பட்டா அரிக்கும், அவசரப்படாதீங்க" என்பாள். அந்த அரை மணிக்குள் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

தங்கையின் பிரசவத்துக்காக அவள் நான்கு நாள் போயிருந்தபோதுதான் வினை வந்தது. டப்பாச் செடியில் மடல் தீர்ந்திருந்தது. ஓட்டல் முகப்பிலோ பெரிய தொட்டிகளில் ஆளுயரக் கற்றாழை. அத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு மடல் எடுக்க உரிமை இல்லையா என்று அறுத்தார். உள்ளே சோறு இல்லை, நாரும் சாறும்தான். பெரிய இடத்துச் செடி, அப்படித்தான் இருக்கும் என்று கசக்கிப் பூசிக்கொண்டார். அது அழகுக்கு வைக்கும் ஆனைக் கற்றாழை.

மறுநாள் முகமெல்லாம் கொப்புளம். மேனேஜர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"சரியாகிற வரைக்கும் சவரம் பண்ண வேணாம். கீழ்த்தளத்துல கார் டோக்கன் பாருங்க. வர்றவங்க பயந்துடுவாங்க."

வாசலை விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது என்று நினைத்தபடி சல்யூட் படியிறங்கினார்.

கீழே ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு மின்விசிறி, ஒரு பக்கம் கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலி. உட்கார்ந்தார். பத்து மணிக்கும் உட்கார்ந்திருந்தார், மத்தியானமும் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது யாரோ வாலிபனிடம் இரவல் வாங்கிய கால்களில் நடப்பது போலிருந்தது.

ஊரிலிருந்து வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "செடிதான் தெரியல, நாரப் பாத்தாவது தெரிய வேணாமா?" கொப்புளம் வற்றும்வரை வெறும் தண்ணீரில் மட்டும் கழுவ விட்டாள். பிறகு தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்த மடலை அவர் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்து, ஒரு நாள் பொறுத்து, முகத்தில் போட்டாள். பிளேடு படாததும் கற்றாழை பட்டதுமாக மூன்று வாரத்தில் முகம் தேறிவிட்டது.

"திங்கக்கிழமை சவரம் பண்ணிட்டுப் போய் நில்லுங்க. மேனேஜரே உங்கள வாசலுக்குக் கூப்பிடுவாரு" என்றாள், ஜெயித்தவள் மாதிரி.

அவர் 'ம்' என்றார். அவளை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் டம்ளரும் மடலுமாகக் குளியலறைப் பக்கம் வந்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து, சோப்பும் தண்ணீரும் இல்லாமல், கழுத்திலிருந்து மேல்நோக்கிப் பிளேடை இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த இடத்திலேயே மறுபடியும் இழுத்தார். வலது கன்னத்தில் ரத்தம் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது.

"சோப்பு தீந்துடுச்சா?"

"இல்ல."

அவள் கீழே பார்த்தாள். எப்போதும் ஷூவுக்குள் அடங்காமல் வீங்கியிருக்கும் கணுக்கால் வற்றி, எலும்பு தெரிந்தது.

"கால் வலி எத்தன நாளா?"

"பத்து வருஷம் இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா உக்கார வெச்சிருவாங்களா?"

அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். உள்ளே போய் மடலை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

"இது நாளைக்குச் சாயங்காலம் போட்டுக்கலாம். மேனேஜர் பாத்த பிறகு."

அவர் பிளேடைக் கீழே வைக்கப் போனார். அவள் திரும்பி வந்து கதவருகே நின்று அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

"இடது கன்னம் விட்டுப்போச்சு பாருங்க" என்றாள்.